ரேடியோ சொல்லிக்கொடுத்த பெயர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் இப்போது இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. பேரன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நண்பா, நாம் உணவு உண்ணலாமா?" என்று கேட்கிறானாம். டி.வி.யில் வரும் பொம்மைப் படம் பேசுகிற தமிழ். ஒருவர் அதைப் பெருமையாகச் சொன்னார். இன்னொருவர், "எல்லாம் கிளிப்பிள்ளைப் பேச்சு, உள்ளே ஒன்றும் ஏறாது" என்றார். என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது கொஞ்சம் நீளம். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, பசுவந்தனை போகிற பாதையில் உள்ளடங்கி இருந்த ஒரு சின்ன ஊர். ஊர் முழுக்கத் தெலுங்கு பேசுகிற சம்சாரி வீடுகள், விவசாயக் குடும்பங்கள். எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. ஆண்கள் சந்தைக்கும் பருத்திக் கடைக்கும் போய் வந்ததில் தமிழை எங்களைச் சுற்றி இருந்தவர்களைப் போலவே பேசினார்கள். பெண்களுக்கு அது அரைகுறை. என்னைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. அப்பாவை நைனா என்போம். தண்ணீர் எங்களுக்கு நீளு. வேறு ஒரு பாஷை இருக்கிறது என்பதே எனக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றுதான் தெரியும். (வீட்டில் பேசியதையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கும் சிரமம், எனக்கும் சிரமம்.)

பள்ளிக்கூடம் அடுத்த ஊரில். அது பெரிய ஊர், தமிழ் பேசுகிற ஊர். கரிசல் காட்டைக் குறுக்கே கடந்து போக வேண்டும். மழை பெய்துவிட்டால் மண் காலோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்துக்கொண்டே போகும். அண்ணன் நாலாம் வகுப்பு. அவன் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். ஒரே நீளக் கூடம். ஐந்து வகுப்பும் அதற்குள்தான். ஒரே டீச்சர்.

டீச்சர் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறையில் தங்கி, விடுமுறைக்கு மட்டும் ஊருக்குப் போவார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கையில் கறுப்புக் குடை. நல்லவர்தான். ஆனால் ஒரு விஷயத்தில் கறார். "பள்ளிக்கூடத்துக்குள்ள தமிழ்லதான் பேசணும். தெலுங்கு காதுல விழுந்துச்சுன்னா பெஞ்சு மேல ஏத்திருவேன்." எங்கள் நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அதனால் நேர்ந்தது என்னவென்றால், எனக்குத் துணையாக இருந்த ஒரே ஆளான அண்ணனும் கூடத்துக்குள் நுழைந்ததும் என்னைத் தெரியாதவன் மாதிரி ஆகிவிடுவான். டீச்சர் என்னைப் பார்த்து ஏதோ கேட்பார். நான் அவர் வாயையே பார்ப்பேன். இன்னும் உரக்கக் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். மற்ற பிள்ளைகள் 'ஊமைச்சி' என்று பெயர் வைத்தார்கள். அது என்னைக் குறிக்கிற சொல் என்று மட்டும் தெரிந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

மழைக்காலம் தொடங்குகிற சமயம் டீச்சர் நைனாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்கு வாய் பேச வருமா வராதா? வந்த நாள்ல இருந்து ஒரு வார்த்தை பேசலியே."

"வீட்டுல நல்லாத்தான் பேசுதா டீச்சரம்மா. வாய் ஓயாது."

"இங்கன பேசலியே. ஒண்ணும் மண்டையில ஏறவும் இல்ல. தைப் பொங்கல் வரைக்கும் பாப்போம். அப்புறமும் இப்படியே இருந்தா வீட்டுல வச்சுக்கிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

நைனாவுக்கு அது பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. பருத்தி எடுக்க ஒரு கை கூடும். அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவள் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள். சந்தைக்குப் போனால் தமிழ்க்காரப் பெண்கள் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவாள். "என்னை மாதிரி இவளும் ஆகணுமா?" என்று அன்றைக்கு நைனாவிடம் சண்டை போட்டாள்.

இந்த நேரத்தில்தான் ரேடியோ வந்தது.

அந்தப் பெரிய ஊருக்கு அந்த வருஷம்தான் கரண்ட் வந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு ரேடியோப் பெட்டி கொடுத்தார்கள். மரப்பெட்டி. முன்னால் மஞ்சள் துணி, இரண்டு பக்கமும் குமிழ். கூரைக்கு மேலே இரண்டு மூங்கிலை நட்டுச் செம்புக் கம்பி இழுத்துக் கட்டினார்கள். டீச்சர் அதற்கு ஒரு உறை தைத்துப் போட்டு, பூட்டி வைத்துக்கொண்டார். குமிழைத் திருகியதும் சத்தம் வந்துவிடாது. உள்ளே சூடு ஏற வேண்டும். முதலில் தூசி பொசுங்குகிற மாதிரி ஒரு வாடை வரும். பிறகு பெட்டியின் நெற்றியில் ஒரு பச்சைக் கண் மெல்ல விழிக்கும். அதற்கும் பிறகுதான் கரகர என்று உலகம் பேச ஆரம்பிக்கும். அந்தப் பச்சைக் கண்ணை நான் அதற்குப் பிறகு எந்தப் பெட்டியிலும் அப்படி ஆசையோடு பார்த்ததில்லை.

சின்னக் குழந்தைகளுக்கான பாடம் வாரத்தில் இரண்டு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வரும். ஒரு பெண் குரல். நாங்கள் ரேடியோ அத்தை என்போம். அந்தப் பாடத்தில் மல்லிகா என்று ஒரு சிறுமி இருந்தாள். அத்தை கேட்பாள், மல்லிகா பதில் சொல்வாள். பிறகு அத்தை நம்மைச் சொல்லச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள்.

"உன் பெயர் என்ன?"

"என் பெயர் மல்லிகா."

"உங்கள் வீடு எங்கே இருக்கிறது?"

"எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில் இருக்கிறது."

ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கழுவி எடுத்து வைத்த மாதிரி வரும். அதுவரை என்னிடம் யாரும் தமிழை அப்படிப் பேசியதில்லை. எல்லோரும் வேகமாகப் பேசுவார்கள், புரியவில்லை என்றால் சத்தமாகப் பேசுவார்கள். அத்தை சத்தம் போட மாட்டாள். சொன்னதையே திருப்பிச் சொல்வாள். நான் பதில் சொல்லும்வரை காத்திருப்பாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மற்ற பிள்ளைகள் கத்துகிற கத்தலுக்கு நடுவே நான் உதட்டை மட்டும் அசைப்பேன். குரல் கொடுத்ததில்லை.

குரல் கொடுத்தது பருத்திக் காட்டில்தான். டீச்சர் சொன்ன பொங்கல் கழிந்து, எந்த நாளும் என்னை நிறுத்திவிடலாம் என்று இருந்தது. பருத்தி வெடிக்க ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மடியைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு காட்டுக்குப் போவேன். ஒரு சாயங்காலம் அவள் இரண்டு உழவுச்சால் தள்ளி நின்று பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அத்தையின் குரலில் கேட்டேன், மல்லிகாவின் குரலில் பதில் சொன்னேன். இரண்டு குரலும் என்னுடையது அல்ல.

அம்மா மடியில் இருந்த பருத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். என் தாடையைப் பிடித்துத் தூக்கி, கண்ணுக்குள் பார்த்தாள். "யார் நீ? என் பிள்ளையை விட்டுட்டுப் போ" என்றாள். தன் பிள்ளைக்குத் தெரியாத பாஷையில், யாரோ ஒரு பட்டணத்துப் பொம்பளையின் குரலில் பிள்ளை பேசினால் அவள் வேறு எதை நினைப்பாள்? வேப்பங்குழையை ஒடித்துத் தலையைச் சுற்றித் தூக்கிப் போட்டாள். அண்ணன் வந்து, "அம்மா, அது ரேடியோப் பாடம்" என்று எவ்வளவோ சொன்னான். பெட்டிக்குள் இருக்கிற ஆள் பிள்ளைக்குள் எப்படி வந்தாள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அண்ணன் மூலம் சங்கதி டீச்சர் காதுக்குப் போயிற்று. மறுநாள் டீச்சர் என்னை முன்னால் நிறுத்தி, ரேடியோ அத்தை மாதிரியே நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"உன் பெயர் என்ன?"

"என் பெயர் மல்லிகா."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. மேலே மேலே கேட்டுக்கொண்டே போனார். கடற்கரை, கப்பல், கலங்கரை விளக்கம், வானில் பறக்கும் பறவைகள் என்று அவர் எந்த நூலை இழுத்தாலும் நான் பிசகாமல் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஏட்டி, இவ்வளவு நாளும் வச்சுக்கிட்டா வஞ்சகம் பண்ணுன!" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். அதன்பிறகு என்னை வீட்டுக்கு அனுப்புகிற பேச்சே இல்லை.

மாசியில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். டீச்சர் என்னைத்தான் நிறுத்தினார். ஊமை என்று இருந்த பிள்ளை ரேடியோவால் இப்படிப் பேசுகிறாள் என்று சொன்னார். அதிகாரி கேட்ட கேள்விகளை டீச்சர் முன்னமே எழுதிக் கொடுத்திருந்தார் என்பதால் ஒன்றும் தப்பாகப் போகவில்லை. அவர் தன் சட்டைப் பையில் இருந்து ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமாக இருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார். சிவப்புப் பக்கத்தை நானும் நீலப் பக்கத்தை அண்ணனும் சீவிச் சீவியே தீர்த்தோம்.

மல்லிகா என்றால் ஒரு ஆளின் பெயர் என்று எனக்குத் தெரியாது என்பதை டீச்சரும் யோசிக்கவில்லை, அதிகாரியும் யோசிக்கவில்லை. 'பெயர் என்ன' என்ற சத்தம் வந்தால் 'மல்லிகா' என்ற சத்தத்தைக் கொடுக்க வேண்டும். 'வீடு எங்கே' என்ற சத்தத்துக்குக் 'கடற்கரை'. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தமிழ். சரியான சத்தத்தைக் கொடுத்தால் பெரியவர்கள் முகம் மலர்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது. கடலை நான் பார்த்ததுகூட இல்லை.

பங்குனியில் கோவில்பட்டியில் தேர். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. நைனா வண்டி கட்டினார். எனக்குப் புதுப் பாவாடை, புதுச் சட்டை. தேர் பார்க்கக் கரிசல் காட்டு ஊர்களெல்லாம் திரண்டு வந்திருந்தன. புழுதியும் வியர்வையும் மல்லிகைப்பூவும் சர்க்கரைப் பாகும் கலந்த வாடை. தெருவுக்குத் தெரு கம்பத்தில் குழாய் கட்டியிருந்தார்கள். அதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. ஒரு பெண் குரல் பேசியது.

யாரோ விழாக் கமிட்டிக்கார வீட்டுப் பெண், பள்ளிப் படிப்பு முடித்தவளாக இருக்கும். தண்ணீர்ப் பந்தல் எங்கே இருக்கிறது என்றோ என்னவோ அறிவித்தாள். எனக்கு அது ரேடியோ அத்தை. அத்தை ஊருக்கு வந்திருக்கிறாள்! அம்மா வளையல் கடையில் அண்டைவீட்டுக்காரிக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முந்தானையை விட்டேன். கம்பத்தில் இருந்து கம்பத்துக்குப் போன ஒயரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஒயர் போய் முடிந்த இடம் ஒரு தகரக் கொட்டகை. மேஜை, மைக், இசைத்தட்டுப் பெட்டி. நான் போவதற்குள் அந்தப் பெண் கிளம்பிப் போயிருந்தாள். மைக் செட்காரரும் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும்தான் இருந்தார்கள். நான் மேஜைக்கு அடியில் குனிந்து அத்தையைத் தேடினேன்.

"ஏட்டி பாப்பா, யாரு நீ? கூட வந்தவிய எங்க?" என்றார் மைக் செட்காரர்.

எனக்குப் புரியவில்லை. நான் விழித்தேன்.

"தொலைஞ்ச பிள்ளை போலுக்கு. பாப்பா, உன் பேர் என்ன?"

இது புரிந்தது. "என் பெயர் மல்லிகா."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வீடு எங்கம்மா?"

"எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில் இருக்கிறது. காலையில் அலைகளின் ஓசை கேட்கும்."

"பாத்தீரா வே, எவ்வளவு சுத்தமாப் பேசுதுன்னு! இது இந்தப் பக்கத்துப் பிள்ளை இல்ல. மெட்ராஸா இருக்கும், இல்லைன்னா தூத்துக்குடி." இன்னொருவர் குனிந்து, "அப்பா என்ன வேலை பாக்காவ கண்ணு?" என்றார்.

"என் அப்பா கலங்கரை விளக்கத்தில் பணிபுரிகிறார்."

"அதான் சொன்னேன்லா! கவர்மெண்டு உத்தியோகம். ஆபீசர் வீட்டுப் பிள்ளை."

என் காலில் செருப்பு இல்லை. பித்த வெடிப்புக்கு நடுவே கரிசல் புழுதி அப்பியிருந்தது. தலையில் விளக்கெண்ணெய். வெயிலில் கறுத்த முகம். அதையெல்லாம் அவர்களும் பார்த்தார்கள். "செருப்பு கூட்டத்துல கழண்டு போயிருக்கும்" என்று ஒருவர் தீர்த்து வைத்தார். தமிழ் அத்தனை சுத்தமாக இருந்தபோது காலுக்கு யார் மதிப்பு கொடுப்பார்கள்?

மைக் செட்காரர் அறிவித்தார். கடற்கரை ஊரில் இருந்து தேர் பார்க்க வந்த, கலங்கரை விளக்க அதிகாரியின் மகள் மல்லிகா என்ற குழந்தை இங்கே இருக்கிறாள், பெற்றோர் உடனே வரவும் என்றார். பிறகு மைக்கை என் வாயருகே நீட்டினார். "நீயே சொல்லு கண்ணு." நான் சொன்னேன். என் குரல் கோவில்பட்டித் தெருக்களில் எல்லாம் கேட்டது.

அம்மா அப்போது தெப்பக்குளத்துப் படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் காணாமல் போனதும் அவள் முதலில் ஓடியது தண்ணீருக்குத்தான். படிக்கு மேலே ஒரு குழாய் இருந்தது. "குரல் உன்னுது மாதிரிதான் இருந்துச்சு. ஆனா பேரு வேற, ஊரு வேற, அப்பன் வேற. நான் என்ன செய்வேன்?" என்று பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற நைனாவிடம், "அது நம்ம பிள்ளை குரலோ?" என்று கேட்டாளாம். நைனா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பைத்தியம், அது யாரோ ஆபீசர் பிள்ளை. தண்ணியைப் பாரு" என்று சொன்னாராம். அண்ணனை வண்டியில் மாட்டுக்குக் காவலாக வைத்துவிட்டு வந்திருந்தார்கள். அவன் மட்டும் அந்தப் படியில் நின்றிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அறிவிப்பு பலமுறை போயிற்று. ஒவ்வொரு முறையும் மைக் என் வாயருகே வந்தது. யாரும் வரவில்லை. தேர் பார்க்க வந்திருந்த வேறு ஒரு அதிகாரி, மனைவியோடு தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சங்கதி கேட்டு ஜீப்பை நிறுத்தினார். தூத்துக்குடியில் கலங்கரை விளக்கத்தில் விசாரித்து ஒப்படைத்துவிடலாம், இல்லாவிட்டால் அங்கே போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது என்றார். கமிட்டிக்காரர்களுக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த அம்மாள் என்னை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பிஸ்கட் கொடுத்தார். அவர் சேலையில் பவுடர் வாசம். எனக்குத் துளியும் பயம் இல்லை. 'கடற்கரை' என்று அவர்களும் சொன்னார்கள். அத்தை இருக்கிற இடத்துக்குத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஜீப் கிளம்பியது. ஆனால் தேர் திரும்புகிற முக்கில் கூட்டம் வழி விடவில்லை. அங்கேயே நின்றது.

அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்த நேரம் டீச்சர் பஸ் ஸ்டாண்டில் இருந்தார். ஊருக்குப் போக ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரத்தில் இடமும் பிடித்துவிட்டார். அங்கேயும் ஒரு குழாய் கட்டியிருந்தார்கள். முதலில் வந்த அறிவிப்புகளை அவர் காதில் வாங்கவில்லை. "காலையில் அலைகளின் ஓசை கேட்கும்" என்று கடைசியாக நான் மைக்கில் சொன்னதைக் கேட்டதும் பஸ்ஸைவிட்டு இறங்கியிருக்கிறார். குடையை அதற்குள்ளேயே விட்டுவிட்டார். அது திரும்பக் கிடைக்கவே இல்லை.

கொட்டகைக்கு ஓடி, அங்கிருந்து ஜீப்பைத் தேடி, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். கஞ்சி போட்ட சேலை கசங்கி, முடி கலைந்து அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இறக்கி விடுங்க. இது எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை."

அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார். "குழந்தை தன் பேர் மல்லிகாங்கிறா. கடற்கரையில வீடுங்கிறா. நீங்க யாரும்மா?"

"அவ பேர் மல்லிகா இல்ல சார்."

"குழந்தைக்குத் தன் பேர் தெரியாதா? நீங்களே கேளுங்க."

அந்த அம்மாள் என்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி அந்தக் காலத்தில் நிறையக் கதை உலவியது. சுற்றி நின்றவர்கள் டீச்சரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு ரேடியோ அத்தையின் குரலில் என்னிடம் கேட்டார்.

"மல்லிகா, கடலில் என்ன தெரிகிறது?"

"கடலில் கப்பல் தெரிகிறது."

"வானில் என்ன தெரிகிறது?"

"வானில் பறவைகள் தெரிகின்றன."

அந்த முக்கில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. தேர்வடமும் தலைகளும்தான் தெரிந்தன. "சார், இது பாடம்" என்றார் டீச்சர். "ரேடியோல வார பாடம். இந்தப் பிள்ளைக்குத் தமிழே தெரியாது. நான்... நான் தெரியும்னு நெனச்சுட்டேன்."

அதிகாரி அப்போதும் நம்பவில்லை. டீச்சர் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். வருஷம் முழுக்கப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தித் தடுத்த பாஷையில், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பேசி அவர் காதில் விழுந்திருந்த இரண்டே சொற்களைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

"அம்மா எக்கட?"

அம்மா எங்கே. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அம்மா இல்லை என்று. பிஸ்கட் கையைவிட்டு விழுந்தது. நான் அழுத அழுகையில் தெலுங்கைத் தவிர வேறு ஒரு சொல் இல்லை. அம்மா, நைனா, வீட்டுக்குப் போகணும், வண்டி, மாடு என்று நான் கத்த, கூட்டத்தில் நின்ற தெலுங்குக்காரர்கள் நாலு பேர் அதைத் தமிழில் சொன்னார்கள். அந்த அம்மாள் என்னை மெல்ல இறக்கி டீச்சர் கையில் கொடுத்தார்.

டீச்சர் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே கொட்டகைக்குப் போய், என் நிஜப் பெயரையும் நைனா பெயரையும் ஊரையும் சொல்லி அறிவிக்க வைத்தார். அம்மா வந்தபோது அவள் பாவாடையும் சேலையும் முழங்கால்வரை நனைந்திருந்தன. குளத்துக்குள் இறங்கித் துழாவியிருக்கிறாள். முதலில் எனக்கு ஒரு அடி வைத்தாள். பிறகுதான் தூக்கினாள்.

நைனா டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, "டீச்சரம்மா, கோவிச்சுக்கிடாதிய. இனிமே இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புத மாதிரி இல்ல. சொந்தப் பேரை மறக்கடிக்கிற படிப்பு எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தைச் சாத்துவதற்கு முன்னால் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். குடை இல்லாமல், உச்சி வெயிலில், காய்ந்த பருத்திச் செடி மாரைப் பிடுங்கிப்போட்ட வெறும் கரிசல் காட்டைக் கடந்து நடந்து வந்தார். நிலம் வெடித்துக் கிடந்தது. அம்மா மோர் கொடுத்தாள். நைனா கட்டிலில் இருந்து எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, ரேடியோவுக்குத் தெரிஞ்சதை அது சொல்லிச்சு. நான்தான் பக்கத்துல இருந்தும் பிள்ளைகிட்ட எதுவும் கேக்கல. பிள்ளை எதைக் கண்டுச்சு?"

டீச்சர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க எனக்குத் தெலுங்கு சொல்லித் தாங்க. பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள கொஞ்சமாவது கத்துக்கிடுதேன்."

அம்மாவுக்கு அவர் சொன்னது முழுக்கப் புரியவில்லை. அண்ணன் எடுத்துச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு டீச்சர் தன்னிடம் படிக்க வருகிறார் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. மோர்ச் சொம்பைத் தூக்கிக் காட்டி, இதற்கு எங்கள் பாஷையில் என்ன பெயர் என்று சொன்னாள். டீச்சர் திருப்பிச் சொன்னார். தப்பாகச் சொன்னார். அம்மா திருத்தினாள். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் மாட்டுக்குச் சோளத்தட்டை அள்ளிப் போட்டார். ஆனால் ஆனியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, "ரெண்டு பேரும் கிளம்பலையா?" என்று அவர்தான் முதலில் சத்தம் கொடுத்தார்.

அந்த வருஷம் கூடத்தில் சில விஷயங்கள் மாறியிருந்தன. பெஞ்சு மேல் ஏற்றுவது நின்றுவிட்டது. அண்ணன் என் பக்கத்தில் உட்காரலாம், எனக்குப் புரியாததைச் சொல்லலாம். ரேடியோ முன்போலவே இருந்தது. பாடம் முடிந்ததும் டீச்சர் பெட்டியைப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்பார். அத்தை மாதிரி அல்ல, தன் சொந்தப் பேச்சில் கேட்பார். உங்க வீட்டுல மாடு இருக்கா? நேத்து என்ன கொழம்பு? யாரு வச்சா? தப்புத் தப்பாகச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பார். நான் பெரும்பாலும் அண்ணன் காதில் சொல்ல, அவன் சொல்வான்.

ஒருநாள் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சாரல் காற்று. பச்சைக் கண் விழித்திருந்தது. அத்தை, "குழந்தைகளே, இன்று காலையில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் நிறுத்தினாள். பிள்ளைகள் கத்தினார்கள். கம்மங்கஞ்சி என்றார்கள், சோளச்சோறு என்றார்கள், ஒருவன் இட்லி என்று பொய் சொன்னான். அத்தை, "ஆகா, மிகவும் நன்று! பாலும் பழமும் உடலுக்கு நல்லது" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். அண்ணன் காதைத் தேடவில்லை.

"டீச்சர், நம்ம என்ன சொன்னாலும் அந்த அத்தைக்குக் கேக்க மாட்டேங்கு."

அது ரேடியோவில் எந்த நாளும் வராத வாக்கியம். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்காதது. நானே கோத்த முதல் தமிழ். டீச்சர் கை நீட்டிக் குமிழைத் திருகினார். அத்தை பாதிப் பேச்சில் நின்றாள். டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, எங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கேக்குது. நீ சொல்லு. காலையில என்ன சாப்பிட்ட?"

சொன்னேன்.